பன்னிரண்டாவது நீலத் திட்டு

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு நீங்கிய மறு ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் நடந்தது இது. நான் பண்டார் பாருவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் ஒரே தங்கை செர்டாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கணவருடன் இருந்தாள். அவர் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அதிகம் பேச மாட்டார்.

ஒரு ஞாயிறு ஆராதனையில், அவள் முழங்கைக்கு மேல் ஐம்பது சென் நாணயம் அளவுக்கு நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தேன். எங்கோ இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். அன்றே நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். இருபது வருடப் பழக்கம். தேதி, இடம், அளவு எதையும் விட மாட்டேன். ஐந்து வாரத்தில் பதினொரு திட்டுகள் சேர்ந்துவிட்டன. துணி மறைக்கும் இடங்களிலேயே அதிகம் என்பதை அடிக்கோடிட்டேன். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்றாள். கன்னத்தில் அறை விழுந்திருக்கும் என்று அதையும் எழுதினேன்.

“சும்மா பட்டாலே வருதுக்கா. அவரு என் மேல கை வச்சதே இல்லலா” என்றாள். புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் சபையில் குடும்ப வழக்கு முதலில் மூப்பர்களிடம்தான் போகும். நான் சொன்னதும், ஆராதனை முடிந்து மூன்று மூப்பர்கள் முன்னால் தங்கை கணவரை உட்காரவைத்தார்கள். நான் பதினொரு தேதிகளையும் வாசித்தேன்.

“ஒத்துக்க தம்பி. யாரும் ஒன்ன லோக்காப்புல போடப் போறதில்ல” என்றார் மூத்தவர்.

“அடிக்காத அடிய எப்படிண்ணே ஒத்துக்கிறது?”

இனிமேல் அடிக்க மாட்டேன் என்று வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொல்லச் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் இதுவரை அடித்ததாக ஆகிவிடும் என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்பே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அழுதுகொண்டிருந்தவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

ஐந்தாம் நாள் மாலை அவர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். அவள் நிலையைச் சொல்லி கிளினிக்கில் எழுதி வாங்கிய, ரத்தம் சோதிக்கச் சொல்லும் கடிதம் கையில் இருந்தது. “அக்கா, நான் வரல. நீங்களே கொண்டு போயி ரத்தம் மட்டும் எடுத்துப் பாருங்க” என்றார். அவளைப் பார்க்க இது ஒரு சாக்கு என்று நான் கேட்டைத் திறக்கவில்லை. வெளியே போக எழுந்த தங்கையைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். கடிதத்தைக் கம்பியில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. இரண்டு துண்டுகள் நனைந்தும் நிற்கவில்லை. கழுவிவிடச் சட்டைக் கையை மேலேற்றினேன். முன்கையில் நான்கு விரல்கள் கருநீலமாகப் பதிந்திருந்தன. முந்தின நாள் நான் பிடித்த இடம் அது.

கம்பியில் இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாதாம். அவளுக்கு மூவாயிரம்தான் இருந்தன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அழிக்கிற நோய் என்றார்கள். எப்போதிருந்து என்று மருத்துவர் கேட்டார். நாட்குறிப்பை விரித்து மலாயில் சொன்னேன், தங்கை கணவரைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் விட்டுவிட்டு. இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை என்று பாராட்டிக் குறித்துக்கொண்டார். இத்தனையும் தெரிந்து ஏன் முன்பே கொண்டுவரவில்லை என்று கேட்டபோது நாட்குறிப்பை மூடிவிட்டேன்.

அன்று மதியமே மூளையில் ரத்தம் கசிந்தது. உயிர் பிழைத்தாள். ஆனால் வலது காலும் கையும் பழைய நிலைக்கு வரவில்லை.

வார்டு வாசலில் தங்கை கணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கக்கா” என்றார்.

இப்போதும் ஞாயிறுதோறும் அவர்தான் அவளைக் கூட்டிவருகிறார். காரிலிருந்து தோளைத் தாங்கி இறக்குவார். நான் கண்ணில் பட்டதும் அவர் கை தானாக அவளைவிட்டு விலகிவிடும். பிடிமானம் இல்லாமல் ஒரு கணம் தடுமாறி நிற்கிறாளே, அதற்குக் காரணம் நான்தான் என்பதை வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.