வியாழக்கிழமை போட்ட லேப்

இன்று காலை கல்லூரி லேபில் கம்ப்யூட்டரைத் திறந்தால், திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பட்டை. கம்பைலர் மென்பொருளின் உரிமம் இந்த வாரத்தோடு முடிகிறதாம். நீங்களாக இருந்தால் ஒரு தட்டுத் தட்டி மூடியிருப்பீர்கள். எனக்கு ஏசிக் குளிரும் மல்லிகையும் கலந்த பழைய வாடை மூக்கில் ஏறியது.

அந்த வாடை வத்தலக்குண்டு சாலையில் இருந்த ஒரு கல்லூரியுடையது. லேப் அசிஸ்டென்ட்டாக எனக்கு முதல் வேலை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தலை நிறையப் பூவோடு பிள்ளைகள் வருவார்கள். எழுதிய புரோகிராமை ஓடவைக்கும் கம்பைலர் மட்டும் இலவசச் சோதனைப் பதிப்பு. ஒரு மாதம்தான் உயிர். கல்லூரிகளுக்கென்று சலுகை விலை உண்டு என்று துறைத்தலைவி மேடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். தாளாளர் அசையவில்லை. "ஓடுதுல்லப்பா, ஓடட்டும்" என்பார்.

ஓடவைத்தது நான். தினமும் காலையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தேதியைப் பின்னுக்குத் தள்ளி, கம்பைலரை முதலில் ஏற்றிய வியாழக்கிழமையிலேயே நிறுத்துவேன். வெளியே தீபாவளி, பொங்கல் வந்து போகும். உள்ளே அதே வியாழன். வியாழன் போட்டாச்சா என்று கேட்டுத்தான் பிள்ளைகள் உட்காருவார்கள். காலத்தையே கட்டிப்போட்டவன் மாதிரி ஒரு மிதப்பு எனக்கு.

கடைசி செமஸ்டர் செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். முதல் வரிசையில் முத்துமாரி, குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டுப் பிள்ளை. சென்னையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அரியர் இல்லாமல் முடித்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். தேர்வாளர் நல்ல மனுஷன். திரையைப் பார்த்தார். "என்னப்பா, தேதி தப்பா கெடக்கு?" என்றவர், உதவுவதாக நினைத்து வரிசையாகச் சரிசெய்துகொண்டே போனார். நான் வாயெடுத்தேன். வாசலில் நின்ற தாளாளர் கண்ணாலேயே அடக்கிவிட்டார். உரிமம் இல்லாத கதையைத் தேர்வாளரிடமே சொல்ல முடியுமா?

ஒவ்வொரு திரையாகக் காலாவதி என்று காட்டியது. தேதியைத் திரும்பப் பின்னுக்குத் தள்ளினேன். ஒருமுறை விழித்துக்கொண்ட கம்பைலர் ஏமாறவில்லை.

"சார், வியாழன் போடுங்க சார். செத்த நேரம் போதும், முடிச்சிருவேன்" என்றாள் முத்துமாரி.

மணி அடிக்கும் வரை போட்டுக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அரியர் விழுந்தது. வேலை அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

அந்தக் கல்லூரி இன்று சிமெண்ட் குடோன். முத்துமாரி எங்கே இருக்கிறாளோ. வியாழன் போடும் வித்தையும் போய்விட்டது. உரிமத்தின் கடிகாரம் இப்போது இன்டர்நெட் வழியாகக் கடல் தாண்டி கம்பெனிக்காரன் சர்வரில் ஓடுகிறது, என் கை எட்டாது.

திங்கட்கிழமை இங்கே செய்முறைத் தேர்வு. மஞ்சள் பட்டையைப் பற்றி இந்தக் கல்லூரித் தாளாளரிடம் நேரே போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்ப ஓடுதுல்ல சார்? ஓடட்டும்."