கேட்காமல் செய்த உதவி

ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தின் முன்மேசையில் நான் பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன். நாட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்த சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. ஓய்வூதியம், ஹெல்த் கார்ட், பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு, வாடகை வீட்டுக்காரனோடு தகராறு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒருநாள் ஒரு பெண் தன் தங்கையைக் கூட்டிவந்து, "இவதான் எங்கட சோஷல் வேர்க்கர்" என்று அறிமுகப்படுத்தினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பின்னால் நின்ற மேலாளருக்கு அப்படியில்லை. அடுத்த நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, இனி யாரும் அப்படிச் சொன்னால் உடனே திருத்திவிடவேண்டும் என்றார். ஒன்ராறியோ மாகாணத்தில் பதிவு பெற்றவர்கள் மட்டும்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், அது சட்டம் என்றார்.

ஒரு கிழமையாக எனக்குக் கோபம் ஆறவில்லை. வேலையெல்லாம் நான் செய்ய, பெயர் இன்னொருவருக்கா? என்னதான் தேவை என்று தேடிப் பார்த்தேன். சமூகப்பணியில் அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும். அந்தப் படிப்புக்குள்ளேயே, துறை தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான மணிநேரம் களப்பயிற்சி. அதன்பிறகு ஒழுங்குபடுத்தும் சபைக்கு விண்ணப்பம், நடத்தை பற்றிய கேள்விகள், ஆண்டுதோறும் புதுப்பித்தல். யாழ்ப்பாணத்தில் பெற்ற பொருளியல் பட்டம் இருந்ததால் முதுகலைக்கு இடம் கிடைத்தது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வகுப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் என் மகளின் வயது. படிப்பு சுலபமாக இருக்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது: இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது, ஒரு தாளுக்காகத்தானே வந்திருக்கிறேன்.

களப்பயிற்சிக்கு மோர்னிங்சைட் பக்கம் முதியவர்களுக்கான ஒரு நிறுவனத்தில் போட்டார்கள். என் மேற்பார்வையாளர் இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. முதல் நாள் கதவைத் திறந்ததும் வாய்தவறி "வாங்கோ அன்ரி" என்றவள், உடனே சிரித்துவிட்டாள்.

"ஸொறி. இங்க நான் உங்களை அன்ரி எண்டு கூப்பிடேலாது. கூப்பிட்டா உங்களுக்கு ஃபீட்பாக் தரேக்க எனக்கு வாய் வராது."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் ஒரு சின்னப்பிள்ளை எனக்கு மதிப்பீடு எழுதப்போகிறாள் என்ற குத்தல் எனக்குள் இருந்தது.

இரண்டாம் மாதம் ஒரு ஐயாவை என்னிடம் தந்தாள். எழுபத்தெட்டு வயது. ஊரில் பஸ் ஓட்டியவர். இங்கே பாண் ரொட்டி சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் ரூஜ் பகுதியில் மகனின் புதுவீட்டில் இருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வருவார். குளிர்கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் ஒழுங்காகப் போட்டுவிட்டுத்தான் கதை தொடங்குவார்.

அவருக்கு ஒரே ஒரு விஷயம் தேவைப்பட்டது. முதியவர்களுக்கான தொடர்மாடி வீட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும்.

"மகனோட ஏதும் பிரச்சினையோ ஐயா?"

"சீச்சீ. தங்கமான பிள்ளை. மருமகளும் அப்பிடித்தான். அதுதானே பிரச்சினை. ஒரு தேத்தண்ணி நானே போட்டுக் குடிக்கேலாது. கேத்தில்ல கை வைச்சால் ரெண்டு பேரும் ஓடிவந்திடுவினம். அங்க நான் விருந்தாளி. எத்தினை வருசத்துக்கு ஒருத்தன் விருந்தாளியா இருக்கிறது?"

நான் குறிப்பெழுதினேன். போகும்போது வாசலில் நின்று, "மகனுக்கு இப்ப தெரியவேண்டாம், என்ன? நான் நேரம் பாத்துச் சொல்லுறன்" என்றார். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

அடுத்தடுத்த நாட்களில் அவருடைய முகம் என் நினைவில் வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு அன்பான குடும்பம், இடையில் ஒரு தேநீர்க் கோப்பைதான் தடையாக இருக்கிறது, மகனிடம் பக்குவமாக ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அப்படித்தான் எனக்குப் பட்டது. அவசரத் தொடர்புக்கென்று கோப்பில் மகனின் தொலைபேசி இலக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துக் கதைத்தேன்.

மகன் குரல் தழுதழுக்க, "நல்லவேளை நீங்கள் சொன்னது. எங்களுக்கு உது ஒண்டும் தெரியாது" என்றார். மூன்று தரம் நன்றி சொன்னார். அன்று மாலை பஸ்ஸில் போகும்போது, பல காலத்துக்குப் பிறகு நல்ல ஒரு வேலை செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நல்ல செய்தி சொல்வதுபோல மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"அவரிட்டக் கேட்டனீங்களா?"

"இல்லை. ஆனா மகன் எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமோ?"

"மகன் எங்கட கிளையன்ட் இல்லை." அவள் குரல் உயரவில்லை. "மகனுக்குச் சொல்லவேண்டாம் எண்டு அவர் சொன்னது உங்கட நோட்ஸிலயே இருக்கு. நீங்கள்தான் எழுதியிருக்கிறீங்கள்."

எழுதியிருந்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அன்றே அவள் நிறுவனத்துக்கு முறைப்படி அறிவித்தாள். ஐயாவுக்குத் தானே தொலைபேசியில் சொல்லி, விரும்பினால் வந்து பேசலாம் என்று கேட்டுக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய் அவர் வரவில்லை. அடுத்த செவ்வாய் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்தாள். அவள் முன்கூட்டியே என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள்: விளக்கம் சொல்லவேண்டாம், அழவும் வேண்டாம், அவர் உங்களைத் தேற்றவேண்டிய நிலைமையை உண்டாக்கவேண்டாம்.

"நான் பிழை விட்டிட்டன் ஐயா. உங்களிட்டக் கேக்காமல் மகனுக்கு எடுத்திருக்கக் கூடாது."

அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"ரெண்டு பேரும் என்ர முன்னால வந்திருந்து அழுதினம், பிள்ளை. இப்ப என்னை ஆசுப்பத்திரியில கிடக்கிற வருத்தக்காரனைப் பாக்கிறமாதிரிப் பாக்கினம். தனிய பஸ்ஸில விடமாட்டினம். மகன் வேலைக்கு லீவு போட்டிட்டுக் கொண்டுவந்து விட்டவன். கீழ காருக்குள்ள இருக்கிறான்."

நான் குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

"நீர் நல்லதுக்குத்தான் செய்தனீர், அது எனக்குத் தெரியும். எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்யினம்" என்றார். பிறகு மேற்பார்வையாளரின் பக்கம் திரும்பி, "எனக்கு வேற ஆளைத் தாருங்கோ" என்றார்.

அவளே அவருடைய கோப்பை எடுத்துக்கொண்டாள். என் இடைக்கால மதிப்பீட்டில் இரகசியம் பேணல் என்ற இடத்தில் 'தேவையான தரத்தை எட்டவில்லை' என்று எழுதினாள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வர, மூவரும் இருந்து பேசினோம். களப்பயிற்சியில் எனக்குத் தோல்வி போடாமல், அதை இன்னொரு தவணை நீட்டுவதென்று முடிவாயிற்று. வகுப்பில் எல்லாரும் பட்டமளிப்புக்கு உடுப்புத் தெரிவுசெய்துகொண்டிருந்த நேரம் அது.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் எனக்காகப் பரிந்துதான் பேசினார். "இதுக்கே இவ்வளவு? இத்தினை வருசமும் அந்த மேசையில இருந்து நீர் உப்பிடித்தானே எல்லாருக்கும் செய்தனீர்?"

அவர் ஆறுதலாகச் சொன்னதுதான். என்னால் அதை ஆறுதலாக எடுக்க முடியவில்லை. ஓம், அப்படித்தான் செய்தேன். வெக்ஸ்போர்ட் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண் எனக்கு ஞாபகம் வந்தாள். கையில் ஒரு சின்னப்பிள்ளை. தனியாக இருக்க வாடகை உதவிக்கு என்ன படிவம் என்று மட்டும்தான் கேட்டாள். நான் படிவத்தை எடுக்காமல், அவள் கேட்காத கேள்விகள் கேட்டு, ஒரு மணித்தியாலம் புத்தி சொல்லி, கணவனோடு சமாதானமாகப் போகச்சொல்லி அனுப்பினேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் அதை ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த கதையாகப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. வராததை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். அந்த மேசையில் எனக்கு மதிப்பீடு எழுத யாரும் இருக்கவில்லை.

இதை மேற்பார்வையாளரிடம் சொல்ல எனக்கு மூன்று கிழமை எடுத்தது. சொன்னபோது அவள் என்னைத் தேற்றவுமில்லை, குற்றம் சொல்லவுமில்லை. "அவ உங்களிட்ட என்ன கேட்டவ?" என்று மட்டும் கேட்டாள். "ஒரு ஃபோர்ம்" என்றேன். அன்றிலிருந்து அவளுடைய வயது எனக்குக் கணக்கில் வரவில்லை.

நீட்டிய தவணையில் நான் பழகியது வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமேயில்லை. ஒருவர் பேசி முடித்தபின் நாலைந்து விநாடி வாய் திறக்காமல் இருப்பது. "நான் என்ன செய்யவேணும் எண்டு விரும்புறீங்கள்?" என்று கேட்பது. பதில் எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அதையே எழுதுவது. எத்தனையோ தடவை மேசைக்குக் கீழே என் விரல்களை நானே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஐயாவை நடைவழியில் இடைக்கிடை காண்பேன். முதலில் பார்வையைத் திருப்பிக்கொள்வார். பிறகு தலையசைப்பார். மகன் கூடவரும் நாட்கள் குறைந்தன. வசந்தம் தொடங்கியிருந்த ஒருநாள் தனியாகவே வந்தவர், தானாக என் பக்கத்தில் நின்றார்.

"வீட்டு லிஸ்ற்றில பேர் போட்டாச்சு. மகனையும் இருத்திவைச்சு நானே கதைச்சனான். இப்ப என்ர கேஸைப் பாக்கிற அந்தப் பிள்ளை பக்கத்தில இருந்தவ, ஆனா ஒண்டும் சொல்லேல்லை."

"எப்ப கிடைக்குமாம் ஐயா?"

"ஆருக்குத் தெரியும்? வருசக்கணக்கில எடுக்குமாம். நான் இருக்கேக்க வந்தால் சரி." சிரித்தார். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

களப்பயிற்சி முடிந்தது, பட்டம் வந்தது, சபைக்கு விண்ணப்பித்தேன். குற்றத் தீர்ப்பு உண்டா, வேறு தொழிலில் ஒழுக்க நடவடிக்கை உண்டா என்ற கேள்விகள் எதற்கும் நான் ஆம் என்று எழுதவேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் நெடுநேரம் இருந்தேன். நான் விட்ட பிழைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. சில வாரங்களில் என் பெயர் பதிவேட்டில் ஏறியது. அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. மகள் கேக் வாங்கிவந்தாள்.

இப்போது ஒரு மருத்துவமனையில் வேலைசெய்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் பதிவைப் புதுப்பிக்கும்போது, தன்னைத்தானே மதிப்பிட்டு, என்ன கற்கப்போகிறோம் என்று எழுதவேண்டும். இந்த முறை, இங்கு பிறந்த பிள்ளைகள் கோபத்தோடு ஆங்கிலத்தில் படபடவென்று பேசும்போது பொறுமையாகக் கேட்கப் பழகுவது என்று எழுதினேன். போன கிழமை அப்படி ஒருத்தி, நான் அவள் பேச்சின் இடையில் புகுந்ததும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தாள். அவள் பேசி முடிக்கும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.