இன்னும் ஒரு சுற்று

இன்று ஒர்க்‌ஷாப் வாசலில் கிரீஸ் வாசனை அடித்ததும், திருமயத்தில் ரோட்டை அகலப்படுத்தியபோது இடிபட்ட எங்கள் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது. மாலைதோறும் அப்பா அங்கே ஒரு பழைய காரின் துருவைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த உப்புத்தாள் சத்தத்தில்தான், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான் பாடம் படிப்பேன். இஞ்சினைப் பழுதுபார்த்து மூடும் நாளில், காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நீட்டினார்.

"போல்ட்ட எம்புட்டு இறுக்கணும்னு போட்டிருக்கு ஆத்தா?"

புரியவில்லை என்று சொல்லக் கௌரவம் விடவில்லை.

"நல்லா இறுக்கணுமாம்ப்பா."

போதும் என்று கை நின்றும், என்னை நம்பி இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். போல்ட் உள்ளேயே முறிந்தது.

"படிச்ச புள்ள சொல்லுச்சாக்கும்!" என்று பக்கத்து வீட்டு மாமா சிரித்தார்.

"எம் மக சரியாத்தான் படிச்சா. புத்தகத்துலதான் தப்பா அடிச்சிருக்கான்" என்றார் அப்பா.

ஓடாத காரைப் பற்றி யார் கேட்டாலும் அதையே சொன்னார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.