ஒலிக்காத மூன்று பதிவுகள்

என் மனைவி மலிவான ஓர் இசைப்பானில் பதிந்து வைத்த மூன்று ஒலிப்பதிவுகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். சரிபார்த்தவற்றை மட்டுமே தருவேன். கருவியின் திரையில் நான் கண்டது, அவள் கைப்பட எழுதிய ஒரு தாள், பழுது பார்ப்பவர் என் முன்னிலையில் கணினியில் திறந்து காட்டியது, எங்கள் மகளும் உடனிருந்து கேட்ட பேச்சு. இவ்வளவுதான். என் நினைவை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை. அவள் மறைந்தபின் அது எனக்கு இணங்கத் தொடங்கிவிட்டது. அவள் ஒருநாளும் பேசியிராத செந்தமிழில் அவளைப் பேச வைக்கிறது. தமிழாசிரியனாகப் பணியாற்றியவன் நான்; வாழ்ந்த காலமெல்லாம் அவள் பேச்சைத் திருத்தினேன். இனியாவது திருத்தக் கூடாது.

அவள் சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தாள். மலேசியாவில் நாங்கள் குடியிருந்த ஜொகூர் பாருவிலிருந்து அதிகாலையில் தொழிற்சாலைப் பேருந்து பாலம் கடக்கும். படம் எடுக்கும் கைப்பேசிக்கு உள்ளே இடமில்லை. வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆகவே ஓய்வு வேளையில் பாட்டுக் கேட்க அங்கு வேலை செய்த பெண்கள் பலர் சிறு இசைப்பான்களை வைத்திருந்தனர். எம்பி3 பிளேயர் என்று கடையில் கேட்டால் கிடைக்கும். தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். மூவரும் நகரத்துக் கடை ஒன்றுக்குப் போனோம்.

விரல் நீளத்தில், சட்டையில் கவ்வி நிற்கும் ஒன்றை அவள் எடுத்தாள். பெயர் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பு. கொள்ளளவு எட்டு ஜிபி.

“இது போதுங்க. நூறு பாட்டு இருந்தா ஒரு மாசம் ஓட்டிருவேன்.”

கடைக்காரர் கண்ணாடிப் பேழைக்குள்ளிருந்து வேறொன்றை எடுத்து என் முன் வைத்தார். “சார், இதப் பாருங்க. அதே வெலதான். கார்டு ஃப்ரீ, நூத்தி இருபத்தெட்டு ஜிபி. ஒரு ரப்பர் எஸ்டேட்டே உள்ள குடியிருக்கலாம் லா.”

“எஸ்டேட்ட வச்சு நான் என்ன பண்ண? பால்மரம் வெட்டவா?” என்றாள் அவள்.

மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சுருக்கிய ஒலி சிதைந்த ஒலி என்பது என் கொள்கை. சுருக்காத ஒலிக்கோ இடம் நிறைய வேண்டும். அவள் கையிலிருந்ததை வாங்கித் திருப்பி வைத்துவிட்டு, பெரியதைத் தேர்ந்தேன். நினைவு அட்டையின்மேல் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் அதை நிரப்பியவனும் நானே. நாகசுவரம், வீணை, பண்ணிசை எனப் பல ஆண்டுகளாகச் சேர்த்தவற்றை, ஓர் இழையும் குறையாமல் ஏற்றினேன். அவள் கேட்ட திரைப்பாடல்களைக் கடைசியில் சேர்த்தேன். ஒரு வாரம் கழித்து, மகளும் இருந்த சாப்பாட்டு மேசையில் முறையிட்டாள்.

“என்னங்க இது, பஸ்ஸுல உக்காந்தா கோயில் திருவிழா மாதிரி இருக்கு. என் பாட்டு ஒண்ணுகூடப் பாட மாட்டேங்குது. தாண்டித் தாண்டிப் போகுது.”

“நீ பொத்தானைத் தவறாக அழுத்துகிறாய்” என்றேன்.

“ஆமா வாத்தியாரே, பாஸ் மார்க் குடுங்க” என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் கருவியைச் சோதிக்கவில்லை.

மறு ஆண்டு அவள் குரல் கம்மியது. தொழிற்சாலைக் குளிர் என்றாள்; மாதங்கள் சென்றபின் மருத்துவமனை அதைக் குரல்வளைப் புற்று என்றது. குரல்வளையை எடுத்தாக வேண்டும். எடுத்தபின் பேச்சு வராது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை, இசைப்பானில் குரல் பதியும் வசதி உண்டா என்று மகளிடம் கேட்டு, பழகிக்கொண்டாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் வெளிய போங்க. வாத்தியார் பக்கத்துல நின்னா எனக்குப் பேச்சு வராது.”

திரும்பி வந்தபோது கருவியை என் கையில் வைத்தாள். “பேசி வச்சிட்டேன். கேட்டுட்டு, சரியா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. கேட்டால் அவள் குரல் போய்விட்டது என்று நானே ஒப்புக்கொண்டதாகும் என நினைத்தேன். இது காரணம், நியாயம் ஆகாது. அறுவை முடிந்த மூன்றாம் நாள், கண் விழித்துத் தெளிவாக இருந்தபோது, தாள் வாங்கி எழுதினாள்: “கேட்டீங்களா? சரிதானே?” அத்தாள் என்னிடம் இருக்கிறது. மகள் கட்டிலின் மறுபக்கம் நின்றாள்.

நான் தலையசைத்தேன்.

அதன் கீழே “நல்லது” என்று எழுதிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். அன்றிரவே நுரையீரலில் தொற்று கண்டது. அதன்பின் அவள் எதுவும் எழுதவில்லை. ஒரு வாரத்தில் இறந்தாள்.

கருமாதி முடிந்த அன்று மகள் கேட்டாள்: “அப்பா, நீங்கதான் கேட்டுட்டீங்களே. அம்மா என்ன சொன்னாங்க?”

அவள் முன்னாலேயே கருவியை இயக்கினேன். மூன்று பதிவுகளின் பெயர்களும் திரையில் இருந்தன. முதல் பதிவை அழுத்தினேன், தாண்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் தாண்டின. தாண்டி வந்து என் நாகசுவரம் ஒலித்தது.

மறுநாள் பழுது பார்க்கும் கடைக்குச் சென்றோம். அங்கிருந்த தமிழர் அட்டையைக் கணினியில் செருகி நெடுநேரம் பார்த்தார்.

“அங்கிள், கார்டு டூப்ளிகேட். உள்ள எட்டு ஜிபிதான் உண்மை. மிச்சம் எல்லாம் சும்மா கணக்குக் காட்டும்.”

“அழிந்ததை மீட்க முடியாதா?”

“அழியல அங்கிள். பதிஞ்சாதானே அழியும்? பேரு மட்டும்தான் இருக்கு. உள்ள வெறும் சைபர்.”

திரையைத் திருப்பிக் காட்டினார். வரிசை வரிசையாகச் சுழிகள். உண்மையாக இருந்த எட்டையும் என் இசை நிரப்பியிருந்தது. பின்னால் சேர்த்த அவள் பாடல்களுக்கும் அவள் குரலுக்கும் இல்லாத இடமே கிடைத்தது. அவள் விரும்பிய கருவியை வாங்கியிருந்தாலோ, பாட்டுத் தாண்டுகிறது என்று அவள் சொன்ன அன்றே சோதித்திருந்தாலோ, குரல் இருந்திருக்கும். மருத்துவமனையில் உண்மையைச் சொல்லியிருந்தால், பதிவில் பேசியதை அவள் எழுதியாவது காட்டியிருப்பாள்.

வீடு திரும்பும் வழியில், தலையசைத்தபோது நான் எதையும் கேட்டிருக்கவில்லை என்பதை மகளிடம் சொன்னேன். காரை ஓரமாக நிறுத்தினாள்.

“அப்ப எதுக்குப்பா தலையாட்டினீங்க?”

பிறகு மகள் மீண்டும் காரை எடுத்தாள். அதன்பின் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. என்னிடம் அதிகம் பேசுவதும் இல்லை.

அம்மூன்று பதிவுகளில் என் மனைவி என்ன சொன்னாள் என்பது தெரியாது. அவை எனக்கா, மகளுக்கா என்பது தெரியாது. “சரிதானே?” என்று அவள் என் சம்மதத்தைக் கேட்டாள், நான் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்பது தெரியாது.