குங்குமம் பட்ட எலுமிச்சம்பழம்

“உன்ன யாரு அனுப்ச்சது? அத சொல்லு மொதல்ல.”

மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் டேபிள் மேஜிக் செய்துகொண்டிருந்த காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் ஒரு மாப்பிள்ளையின் அத்தை. எங்களுக்கு நடுவில் மேஜை மேல் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் தொழிலில் ஜனங்கள் கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்க ஆரம்பித்தால் வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

டேபிள் மேஜிக் என்றால் மேடை, புகை, பெட்டிக்குள் பெண் எதுவும் கிடையாது. சாப்பிடுகிறவர்களின் மேஜைக்கே போய், மூக்குக்கு நேராகச் செய்வது. சீட்டு, காசு, மோதிரம், கிண்ணம். எனக்குப் பிடித்தது கிண்ணமும் பந்தும்தான். மூன்று கிண்ணம், மூன்று பஞ்சுப் பந்து. பந்துகள் இங்கே மறைந்து அங்கே வரும். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கினால் பந்து இருக்காது, எலுமிச்சம்பழம் இருக்கும். அதை உள்ளே தள்ளுவதற்குப் பெயர் லோடு. எல்லாரும் சிரித்து அசரும் அந்த நொடியில் கோட் பாக்கெட்டிலிருந்து பழம் உள்ளே போய்விடும். வெள்ளைக்காரர்களுக்கு ஆயிரம் முறை செய்திருப்பேன், கைதட்டாத ஆள் இல்லை.

ராகு காலம்

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாலில் நிச்சயதார்த்தம். பெண் பெயர் மேகலா. அப்பா அரசு உத்தியோகம், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். மாப்பிள்ளை வீடு அச்சரப்பாக்கம். எல்லாரும் வந்தாயிற்று, தட்டுகளும் அடுக்கியாயிற்று. ஆனால் ராகு காலம் முடிந்துதான் தட்டு மாற்ற வேண்டும்.

மேனேஜர் என்னிடம் ஓடிவந்தார். “யோவ், அல்லாரும் சும்மா குந்திகினு கீறாங்க. நீ போயி எதுனா பண்ணு. ராகு காலம் போற வரிக்கும் ஓட்டு.”

ஹால் வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டு. வேண்டாம் என்று போக முடியாது. குங்குமம் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். விரலைத் துடைத்தேன், உள்ளங்கையில் கொட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரே உட்காரவைத்து ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது. கடைசிக் கிண்ணத்தை மேகலாவையே தூக்கச் சொன்னேன். தூக்கினாள். உள்ளே எலுமிச்சம்பழம், அதன் தலையில் செக்கச்செவேலென்று குங்குமம்.

ஒருவர்கூடக் கைதட்டவில்லை.

“ராகு காலத்துல, பொண்ணு கையால, குங்குமம் வெச்ச பழம்!” அத்தை எழுந்துவிட்டார். “இது வெளாட்டு இல்ல. யாரோ டப்பு குட்த்து செய்வினை வெச்சிகீறாங்க.”

அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி.

ரகசியத்தைத் திறந்தேன்

நிச்சயம் நின்றுபோகும் போலிருந்தது. பெண்ணின் அப்பா எல்லாரையும் உட்காரச் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. தொழிலில் செய்யக் கூடாததைச் செய்தேன். கோட் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினேன். உள்ளங்கைச் சிவப்பைக் காட்டினேன். பழத்தை எப்படி மறைக்கிறேன், எப்போது உள்ளே தள்ளுகிறேன் என்று மெதுவாக மறுபடி செய்தேன்.

“வாசல்ல வெச்ச குங்குமம்மா. கையில இருந்து பழத்துல ஒட்டிக்கிச்சு. அவ்ளோதான்.”

அத்தை கடைசிவரை பார்த்தார். “இத்தினி பேரு கண்ணு முன்னாடி பழத்த வெச்சவன், வேற இன்னா இன்னா வெச்சிகீறானோ?” என்றார்.

அப்போது மேகலா பழத்தைக் கையில் எடுத்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பழத்தட்டிலிருந்த கத்தியால் இரண்டாக நறுக்கி, ஓர் எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் பிழிந்தாள். சர்க்கரை கேட்டு வாங்கிப் போட்டுக் கலக்கி, பாதியை மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

“வெறும் ஜூஸ்தான். நீங்களும் குடிங்க.”

அவன் வாங்கினான். உதட்டில் வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தான். வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரைக் கீழே வைத்தான். ஹால் முழுக்கக் கைதட்டல். பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் தூரத்திலிருந்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார்.

நான் கைதட்டவில்லை. அவன் தொண்டை அசையவில்லை. காலி டம்ளரை வைக்கிற கை வேறு, தளும்பாமல் வைக்கிற கை வேறு. இல்லாத கனத்தை இருப்பதுபோலவும், இருக்கிற கனத்தை இல்லாததுபோலவும் காட்டித்தான் நான் சோறு தின்றேன். அவன் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை.

ஒரு கேள்வி

கிண்ணங்களைப் பையில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். மேகலா கை கழுவ வந்தவள் என் பக்கத்தில் நின்றாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்குறேன், பொய் சொல்லாதீங்க. அவர் குடிச்சாரா?”

“குடிச்சார்” என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுபம். என் வேலையும் தப்பியிருக்கும். அந்தப் பெண் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனசு கேட்கவில்லை.

“குடிக்கலம்மா.”

“எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பேன். குடிச்ச மாதிரி எதுக்கு நடிக்கணும்?”

உள்ளே போனாள். ராகு காலம் முடிந்திருந்தது, பெரியவர்கள் தட்டைத் தூக்கிவிட்டார்கள். அவள் அதே டம்ளரை எடுத்து மாப்பிள்ளை முன்னால் வைத்தாள்.

“இப்ப குடிங்க.”

அவன் அத்தையைப் பார்த்தான்.

“குடிக்காதடா,” என்றார் அத்தை.

அவன் குடிக்கவில்லை. மேகலா அப்பாவிடம், “தட்டைக் கீழ வெச்சிடுங்கப்பா,” என்றாள். கொஞ்ச நேரம் ஒரே கூச்சல். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏறினார்கள். ஏறும்போது அத்தை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “பாத்தீங்களா? சொன்னேன் இல்ல? பழம் வேல செஞ்சிடுச்சு.”

மேனேஜர்கூட என்னைத் தள்ளி நின்றுதான் பார்த்தார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றும் தள்ளி நின்றே சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது: நம் பக்கத்தில் கடைசி லோடுக்கு உருளைக்கிழங்கு வையுங்கள், தக்காளி வையுங்கள், எலுமிச்சம்பழம் வேண்டாம். இன்னொன்று, ரகசியத்தைத் திறந்து காட்டினால் நம்பிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். உங்கள் கை எவ்வளவு பொல்லாதது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

அன்று பெண்ணின் அப்பா மட்டும் கேட் வரைக்கும் என்னோடு வந்தார். “பொண்ணு எல்லாம் சொன்னா. நீங்க செஞ்சது பெரிய உபகாரம்,” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கையை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தவர், நாலு அடி போனதும் வாட்ச் இருக்கிறதா என்று மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் பர்ஸையும் சேர்த்துப் பார்த்திருப்பேன்.