ஐந்தாம் மாடிக் காற்று

அக்டோபரில் கராகண்டா நகரக் கொதிகலனிலிருந்து வெந்நீர் கிளம்பிவிட்டால், அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் மரியாதையும் மேல்நோக்கி ஏற ஆரம்பிக்கும். வருஷம் முழுக்க "அந்த வாயாடி" என்று பேசப்படுகிற கிளாஃபிரா சவேல்யெவ்னா ஒரே நாளில் "எங்க கிளாஷா அத்தை" ஆகிவிடுவாள்.

எல்லாம் காற்று செய்கிற வேலை. ஒரே குழாய்தான் கீழ்வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு வீட்டிலும் குளிருக்கு அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குச் சூடு கொடுத்துக்கொண்டே மேலே போகிறது. குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்று உச்சிக்கு ஏறி, கிளாஃபிரா வீட்டு ரேடியேட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியேற்றாதவரை கீழே எல்லார் வீட்டிலும் கொளக் கொளக் என்று யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம்தான். வெளியேற்றும் குட்டித் திருகு அவள் வீட்டில் மட்டும்தான் உண்டு. அதன் சாவி சிவப்பு ரிப்பனில் அவள் கழுத்தில் தொங்கும்.

கிளாஃபிரா ட்ராம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். டிக்கெட் வாங்காதவனை நடுவழியில் இறக்கிவிட்டுப் பழகிய குரல். புருஷன் நல்ல மனிதர். பேச இடமே கிடைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கக் கையில் பேசினோடும், வெறுங்கையோடு வரக் கூடாதே என்று ஜாம், ஊறுகாய்த் தக்காளியோடும் வந்து நிற்பார்கள்.

"செருப்பைக் கழட்டு. வாசலை அடைக்காதே. உள்ள இடமிருக்கு, முன்னால நகரு!"

சாவியைத் திருகுவாள். ஸ்ஸ்ஸ் என்று காற்று சீறும், பிறகு கறுப்புத் தண்ணீர் துப்பும், கடைசியில் ஒழுங்காக ஒழுகும். உடனே மூடிவிடலாம். ஆனால் டீ குடிக்காமல் யாரும் படியிறங்க முடியாது. யாருக்கு இருமல், யாருக்குக் கல்யாணம், எல்லாம் அங்கேதான் தெரியவரும். அக்டோபர் போய்விட்டால் மீட்டர் பார்க்க வருகிறவரைத் தவிர அவள் வீட்டு மணியை அழுத்த ஆளில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் அடிப்பாள்.

இந்த வருஷம் நாலாம் மாடி குவானிஷ் கெடுத்துவிட்டான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், ராத்திரி வேலை முடிந்து பகலில் தூங்க வேண்டியவன். குடியிருப்பு அலுவலகத்தை நச்சரித்து, காற்றைத் தானாகவே வெளியேற்றும் கருவி ஒன்றை வரவழைத்தான். முட்டை அளவு பித்தளை, தலையில் ஒரு கறுப்பு மூடி. மாட்டியவன் குழாய்க்காரன் ரெனாத்.

"இந்த மூடியை லூசாவே விட்டுருங்க அத்தை. இறுக்கினா காத்து போகாது. இனிமே சாவியும் வேணாம், ஆளும் வேணாம்."

"ஆளும் வேணாமா?"

"யாரும் ஏறி வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க. நிம்மதியா இருங்க!"

அந்த நிம்மதியோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார்த்தாள். டீக் கோப்பைகளைக் கழுவி அடுக்கினாள், மறுபடி கழுவினாள். ஒருநாள் வெளியே போய்த் தன் வீட்டு மணியைத் தானே அழுத்தினாள். நன்றாகத்தான் அடித்தது. ஆக, கோளாறு மணியில் இல்லை.

மறுநாள் தூசி தட்டும்போது அவள் கை மூடியில் பட்டது. பட்ட கை வலப்பக்கமாகச் சுற்றியது. சாயங்காலம் கீழே கொளக் என்றது.

ரெனாத் ஓடிவந்தான். நீளமான ஸ்குரூட்ரைவரின் நுனியைக் குழாயில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து மாடி மாடியாகக் கேட்டுக்கொண்டு ஏறினான். மூணாம் மாடியில் பியானோ டீச்சர் நெல்லியைச் சந்தேகப்பட்டான்.

"நீங்க வால்வைப் பாதி மூடி வச்சீங்களா?"

"நான் ஏன் மூடறேன்? என் பிள்ளைங்களைவிட இந்தக் குழாய்தான் தாளம் தப்பாமத் தட்டுது."

குவானிஷ் வீட்டில், தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் குழாயைச் சிமெண்ட் இறுக்கிப் பிடித்திருந்தது. சூட்டில் நீளும்போதெல்லாம் உரசிக்கொண்டு டக் டக் என்றது. அதைச் சுரண்டி எடுத்ததும் டக் நின்றது. கொளக் நிற்கவில்லை.

"காத்துதான். மேலதான்."

மேலே கிளாஃபிரா முட்டைக்கோஸ் அப்பம் சுட்டுத் தயாராக இருந்தாள். கருவிமேல் ஈரத் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. ரெனாத் துண்டைப் பார்த்தான், அப்பத்தைப் பார்த்தான், அப்பத்தை எடுத்தான். வாய் நிறைய மென்றபடியே தீர்ப்புச் சொன்னான்.

"பழுதான சாமானை அனுப்பிட்டாங்க. புதுசு வசந்தத்துலதான் வரும். அதுவரைக்கும் பழைய சாவிதான் அத்தை."

"அடக் கடவுளே," என்று நெஞ்சில் கைவைத்தாள் கிளாஃபிரா. கைக்கடியில் சாவி இருந்தது.

மறுபடி ஜாம் வந்தது, இருமல் செய்தி வந்தது. அப்புறம் ஒரு மத்தியானம், தூங்காத சிவந்த கண்ணோடு குவானிஷ் வந்தான். கையில் அவன் மனைவி பொரித்த பவுர்சாக் உருண்டைகள். கிளாஃபிரா பேசின் எடுக்கச் சமையலறைக்குப் போய்த் திரும்பினாள். துண்டு தரையில் கிடந்தது. மூடியில் அவன் விரல்கள் இருந்தன. அவன் திருப்பினான். ஸ்ஸ்ஸ். குழாய் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி இரண்டு பேருக்கும் கேட்டது.

"அத்தை."

"என்ன அத்தை? துண்டு போடும்போது கை பட்டிருக்கும்."

"தினமுமா?"

டிக்கெட் இல்லாதவர்கள் சொல்லும் பொய்கள் அத்தனையும் அவளுக்குத் தெரியும். தன் முறை வந்தபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"கீழ போய்ச் சொல்லிடுவியா?" என்றாள்.

குவானிஷ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒரு பவுர்சாக்கை வாயில் போட்டு நிதானமாக மென்றான்.

"ராத்திரி டூட்டி பார்த்துட்டு நான் தூங்குற நாள்ல மட்டும் இதைத் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அன்னிக்கு மூடிக்குங்க. சாயங்காலம் வர்றேன்."

"என்னமோ எனக்காக வர்ற மாதிரி!"

"சேச்சே. குழாய்க்காக."

"டீக்குப் பால் ஊத்தணுமா?"

"நிறைய."

ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திருகும்போது கிளாஃபிராவுக்கு மனசு கேட்கவில்லை. ரொம்பவும் இறுக்க வேண்டாம், பாவம் என்று பட்டும் படாமலும் திருகினாள். கெட்டில் கொதித்தது. குழாய் வாயே திறக்கவில்லை. சத்தமில்லாமல் எப்படி வருவான்? எழுந்து மறுபடி திருகலாமா என்று யோசிக்கும்போதே மணி அடித்தது.

வாசலில் நின்றது குவானிஷ் இல்லை. நெல்லி. இடுப்பில் பேசின், கையில் தேன் கேக். பின்னால் குவானிஷ் அவசரமாக ஏறி வந்துகொண்டிருந்தான்.

"கிளாஷா அத்தை, அடுத்த தடவை நல்லா இறுக்கி மூடுங்க," என்றாள் நெல்லி, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "மத்தியானத்துலேர்ந்து குழாயில காதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒரு சத்தத்தையும் காணோம். கேக் ஆறிப்போச்சு."

கிளாஃபிரா கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"உள்ள நகருங்க," என்றாள். "படியில நிக்காதீங்க."