வாசிக்காமல் விட்ட இரண்டாம் பக்கம்

தறிக்காரர் ஈனோக் ஹாலிவெல்லுக்கு வெண்கலக் குரல். இங்கிலாந்தின் வால்ஸ்பி ஊர்த் தறிக்காரர்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்களே சொற்பம். சனிக்கிழமை மாலை மதுக்கடை மேஜைமேல் ஏறி அவர்தான் செய்தித்தாள் வாசிப்பார். மார்ஸ்டன் பிரபுவின் பெயர் வந்தால் வாசிப்பு நிற்கும். எல்லோரும் எழுந்து ஒரு மடக்குக் குடிப்பார்கள். சாமானியனுக்காகப் பாராளுமன்றத்தில் தொண்டை வறளக் கத்திய பெரிய மனிதர் அல்லவா! தலைச்சன் பிள்ளைக்கு மார்ஸ்டன் என்றே பெயர் வைத்தார் ஈனோக்.

வால்ஸ்பியில் தனி அடுப்பில் பானை ஏற்றும் ஆண்பிள்ளை எவனுக்கும் ஓட்டு உண்டு. குடிசையா மாளிகையா என்ற கேள்வியே கிடையாது. யாராவது சந்தேகப்பட்டால் தேர்தலன்று நடுத்தெருவில் அடுப்பு மூட்டிக் காட்டலாம். மகனுக்கு இருபத்தொன்று ஆனதும் அப்பனும் பிள்ளையுமாய் மேடையேறி, அந்தக்கால வழக்கப்படி ஊரறிய வாய்விட்டு ஓட்டுச் சொல்ல வேண்டும். ஈனோக்குக்கு வேறு ஆசையே இல்லை.

1832 கோடையில், பிரதமராகிவிட்ட பிரபு சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றினார். ஈனோக் மேஜையேறி அதை வாசித்தார். புது நகரங்களுக்கெல்லாம் பாராளுமன்றத்தில் இடம் என்றது முதல் பக்கம். கூட்டம் கூத்தாடியது. மீதியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேவாலய மணியடிக்க ஓடினார் மனிதர்.

டிசம்பரில் தேர்தல். இலையுதிர்காலத்தில் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போயிருந்த மகன், மேடை முன்னால் அடுப்பு மூட்டி ஓட்ஸ் கஞ்சியைக் கொதிக்க விட்டான். குமாஸ்தா பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அடுப்பை அணைச்சிடுப்பா. பானை ஓட்டெல்லாம் மலையேறிப்போச்சு. இனிமே வருஷ வாடகை பத்து பவுண்டு பெறுற வீடு இருக்கணும். உன் குடிசை அதுல பாதிகூடப் பெறாது.”

“அப்போ எங்கப்பா?”

“பழைய ஆளுங்க சாகுற வரைக்கும் போடலாம். அவங்களோட சரி.”

“யாரு செஞ்ச வேலை இது?”

“உன் பேருக்காரரைப் போய்க் கேளு!”

சுற்றி நின்றவர்கள் கெக்கலித்தார்கள். மகன், ஓட்டுச் சொல்ல முன்னமே மேடையேறி நின்ற தகப்பனை நிமிர்ந்து பார்த்தான்.

“நீங்கதானேப்பா ஊருக்கே வாசிச்சீங்க?”

“முதல் பக்கந்தாண்டா வாசிச்சேன்.”

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பது இதுதான். பிரபு அறுத்தார், கத்தியை மடித்துப் பையில் வைத்திருந்தது இவர். ஈனோக் ஓட்டுச் சொல்லாமல் இறங்கினார். சாகும்வரை அந்த ஓட்டு மேடை ஏறவில்லை.

பிரபு இறந்தபின் சந்தையில் சிலை வைத்தார்கள். ‘சாமானியனுக்கு ஓட்டுத் தந்த வள்ளல்’ என்று கல்லில் வெட்டியிருந்தது. பழைய ஆதரவாளர் என்று ஈனோக்கைச் சிலையின் படிகளில் கைத்தாங்கலாய் ஏற்றி, நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார் நகரத் தலைவர். கிழவர் பையிலிருந்து பழுத்துப்போன செய்தித்தாளை எடுத்தார். இரண்டாம் பக்கத்தை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். நகரத் தலைவர் கண்ணைக் காட்ட, பேண்டு வாத்தியம் முழங்கியது. குரல் உடைந்தும் அவர் நிறுத்தவில்லை. கடைசி வரிவரை வாசித்துவிட்டு, கூட்டத்தில் நின்ற மகனைத் தேடினார். நாற்பது தாண்டியும் அவனுக்கு ஓட்டில்லை.

“அன்னைக்கே வாசிச்சிருக்கணும்டா,” என்றார்.